பச்சையா, சிவப்பா, ஊதாவா? ஒரு பாக்டீரியா சென்சாருக்கு ஒளிரும் புரதம் தேர்ந்தெடுத்தபோது

போன சனிக்கிழமை அக்கா மகள் சிங்கப்பூரின் தேக்காவுக்கு வரச் சொல்லியிருந்தாள். சந்தையை ஒட்டிய உணவங்காடியில் ஒரு மேசையைப் பிடித்து, நான் தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஒரு தாளை விரித்துவிட்டாள். பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட். தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் காட்டிக்கொடுக்கும் ஈ. கோலை பாக்டீரியா. தாளின் இடது ஓரத்தில் ஆர்சனிக்கை உணர்ந்து மரபணுவை இயக்கும் சுவிட்சான புரொமோட்டர், அதை அடுத்து புரதம் செய்யும் ரைபோசோம் வந்து உட்காரும் இடம், வலது ஓரத்தில் வாசிப்பை நிறுத்தும் டெர்மினேட்டர். நடுவில் ஒரு காலிப் பெட்டி. பெட்டிக்குள் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

"மாமா, பச்சையா சிவப்பா?"

அந்தப் பெட்டிக்குள் வரவேண்டியது ரிப்போர்ட்டர் மரபணு. சென்சார் எதையாவது உணர்ந்தால் அதை நமக்குச் சொல்லவேண்டிய ஆள் அதுதான். அவளிடம் மரபணுவைச் செயற்கையாக எழுதி வாங்க ஒரே ஒரு ஆர்டருக்குத்தான் பணம் இருக்கிறது. அதனால் ஒன்றைத்தான் எடுக்கமுடியும். மேற்பார்வையாளர் "ஜிஎஃப்பி போட்டுடு" என்று, அதாவது பச்சையாக ஒளிரும் புரதத்தைப் போடு என்று, இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். சிவப்பாக ஒளிரும் எம்செர்ரியின் மரபணு உள்ள, சீனியர்கள் விட்டுப்போன பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஃப்ரீசரில் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஒரு காசு செலவில்லை. கூடப் படிக்கும் தோழிக்கு அமில்சிபி பிடித்திருக்கிறது, கண்ணாலேயே ஊதாவாகத் தெரியும் என்பதால். இவளோ எங்கோ படித்துவிட்டு, இவற்றைவிடப் பிரகாசமான பச்சை எம்நியான்கிரீன்தான் என்று ஒரு அட்டவணையோடு வந்திருக்கிறாள்.

நிறத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம், முதலில் உன் ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது சொல் என்றேன். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஒளியை அளக்கும் பிளேட் ரீடர் ஒன்று, வடிகட்டி வைத்துப் படிக்கும் வகை. பச்சைக்கு 485 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியூட்டி 528-ல் படிக்கும் ஜோடி இருக்கிறது. சிவப்புக்கும் ஒரு ஜோடி உண்டு. செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃபுளோ சைட்டோமீட்டரில் 488 நானோமீட்டர் நீல லேசர் ஒன்றுதான். ஜெல் பார்க்கும் நீல விளக்குப் பெட்டி ஒன்றும், அதற்கான மஞ்சள் கண்ணாடியும் உண்டு.

இந்தப் பட்டியலைக் கேட்டதுமே பாதித் தேர்வு முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். எம்செர்ரி ஒளியை நன்றாக வாங்கிக்கொள்வது 587 நானோமீட்டரில். 488 லேசரை அதன்மேல் அடிப்பது, வேறு தடத்தில் போகும் பேருந்துக்குக் கை காட்டுவது மாதிரி. ஆக, சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் பிளேட் ரீடரில் ஒட்டுமொத்த சராசரி கிடைக்கும். ஆனால் செல் செல்லாகப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். சென்சார் வேலைக்கு அது பெரிய இழப்பு. எல்லாச் செல்லும் பாதி ஒளிர்கிறதா, பாதிச் செல்கள் முழுதாக ஒளிர்ந்து மீதிப் பாதி தூங்குகிறதா என்பது சராசரியில் தெரியாது.

இந்தப் பச்சைப் புரதம் எப்படி எல்லாருக்கும் பொதுவான ரிப்போர்ட்டர் ஆனது என்பதை அவளுக்கு ஒரு நிமிடம் சொல்லவேண்டியிருந்தது. ஒசாமு ஷிமோமுரா 1960-களின் தொடக்கத்தில் ஏக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனிலிருந்து ஒளிவிடும் வேறொரு புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது கூடவே இதுவும் வந்தது. 1992-ல் டக்ளஸ் பிராஷர் இதன் மரபணுவைப் படியெடுத்தார். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அதை ஈ. கோலையிலும் ஒரு சின்னப் புழுவிலும் வைத்து ஒளிரச் செய்தார். ராஜர் சியன் அதை மாற்றி மாற்றி வண்ணப்பெட்டியாகவே ஆக்கிவிட்டார். 2008-ல் வேதியியல் நோபல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் போனது. மரபணுவைச் சால்ஃபிக்கும் சியனுக்கும் அனுப்பிவைத்த பிராஷர் அப்போது ஒரு கார் விற்பனையகத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இந்த இடத்தில் தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

சால்ஃபியின் சோதனையில் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. ஜெல்லிமீனின் வேறெந்தப் பொருளும் இல்லாமலேயே புரதம் ஒளிர்ந்தது. 238 அமினோ அமிலச் சங்கிலி தானாகவே ஒரு பீப்பாய் போல மடிகிறது. பீப்பாயின் நடுவில் 65, 66, 67-ஆவது இடங்களில் இருக்கும் மூன்று அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று வளைந்து பிணைந்து, ஒளிரும் பகுதியாக மாறுகின்றன. வெளியிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று: ஆக்சிஜன். இந்த ஒற்றை நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

மேற்பார்வையாளர் சொன்ன "ஜிஎஃப்பி" என்பது ஒரு புரதத்தின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். ஜெல்லிமீனில் இருந்த மூலப்புரதம் பெரும்பாலும் 395 நானோமீட்டர் புறஊதா ஓரத்து ஒளியைத்தான் வாங்கும். அதை இன்று யாரும் சென்சாரில் வைப்பதில்லை. 65-ஆவது இடத்து செரினை மாற்றிய பிறகுதான் நீல ஒளியிலேயே வேலை நடந்தது. அப்படி வந்த இஜிஎஃப்பி பாலூட்டிச் செல்களில் வேலை செய்கிறவர்களின் செல்லப்பிள்ளை. பாக்டீரியாக்காரர்கள் நெடுநாள் ஓட்டியது ஜிஎஃப்பிமட்3 என்ற 1996-ஆம் ஆண்டு மாற்றத்தை வைத்து. மாணவர் போட்டியான ஐஜெம்மின் பொதுத் துண்டுத் தொகுப்பில் அதிகம் புழங்கிய பச்சையும் அந்த வழியில் வந்ததுதான்.

2006-ல் சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பி வந்தது. பெயரே சொல்வதுபோல், மடிவதில் கில்லாடி. சரியாக மடியத் தெரியாத புரதத்தோடு ஒட்டினாலும் தன் பங்குக்கு மடிந்து ஒளிர்ந்துவிடும். சிலருக்கு இது குறையாகவும் படலாம், ஏனென்றால் கூட ஒட்டிய புரதம் கெட்டுப்போயிருந்தாலும் இது பச்சை காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அக்கா மகள் எதோடும் ஒட்டப்போவதில்லை. அவளுக்குப் புரொமோட்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் தெரியவேண்டும். அதற்கு இது மிகப் பொருத்தம். 485-ல் வாங்கி 510-ல் தருகிறது. அவளுடைய வடிகட்டிக்கும் லேசருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. 37 டிகிரியில் கால் மணி நேரம் அளவில் முதிர்ந்து ஒளிரத் தயாராகிவிடும்.

எம்நியான்கிரீன்? அவள் அட்டவணை பொய் சொல்லவில்லை. லான்ஸ்லெட் என்ற, மீன் போன்ற ஒரு சின்னக் கடல் விலங்கின் புரதத்திலிருந்து 2013-ல் வந்தது. ஒளியை வாங்கும் திறனையும் திருப்பித்தரும் விகிதத்தையும் பெருக்கிப் பார்த்தால் இஜிஎஃப்பியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், சூப்பர்ஃபோல்டரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். முதிர்வதும் வேகம், பத்து நிமிடம் அளவு. ஆனால் அது ஒளியை வாங்கும் உச்சி 506-ல் இருக்கிறது. அவளுடைய 485 வடிகட்டி அந்த மலையின் சரிவில்தான் அடிக்கும். தாளில் இருக்கும் ஒன்றரை மடங்கு அவள் கருவியில் எவ்வளவு தேயும் என்பதை அளந்துதான் சொல்லமுடியும். இதோடு, உரிமம் பெற்றுப் பயன்படுத்தவேண்டிய புரதமாகத்தான் அது வெளிவந்தது. கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் ஒன்று கூடும். ஆறு மாத புராஜெக்டுக்கு ஒரு காகிதம் என்றால் எனக்கு உடனே மூன்று வாரம் என்று காதில் விழும்.

நான் நுண்ணோக்கியில் ஒற்றைச் செல்லைப் படம் எடுப்பவனாக இருந்தால் எம்நியான்கிரீனை வாதாடி வாங்கியிருப்பேன். அங்கே ஒவ்வொரு ஒளித்துகளும் காசு. பிளேட் ரீடரில் ஒரு குழியில் கோடிக்கணக்கான செல்கள் நீந்துகின்றன. அங்கே இழுபறி வேறு இடத்தில், பின்னணி ஒளியில்.

அந்தப் பின்னணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பச்சையைத் தேர்ந்தெடுப்பவர் எல்லாரும் முதல் வாரத்தில் இதில்தான் வழுக்குவார்கள். நாம் வழக்கமாக ஊற்றும் எல்பி ஊட்டக்கரைசலே பச்சையில் மினுக்கும். அதில் உள்ள ஈஸ்ட் சாறில் இருக்கும் ஃபிளேவின் என்ற மஞ்சள் நிறப் பொருள்களின் வேலை அது. செல்லுக்குள்ளேயும் ஃபிளேவின் உண்டு. அதனால் ஆர்சனிக் மிகக் குறைவாக இருக்கும் மாதிரியில் சென்சார் தரும் மெல்லிய பச்சையும் கரைசலின் பச்சையும் கலந்துவிடும். எம்9 போன்ற எளிய கரைசலுக்கு மாறினால் பெருமளவு தெளியும், செல்கள் மெதுவாக வளரும் என்பது அதற்கான விலை. சிவப்பின் பலம் இங்கேதான் இருக்கிறது. 600 நானோமீட்டர் பக்கம் ஈ. கோலையும் கரைசலும் கிட்டத்தட்ட இருட்டு. இதை மறைக்காமல் அவளிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது, ஃப்ரீசரில் இருக்கும் இலவசக் குழாய் ஞாபகம் வந்திருக்கும்.

சரி, அந்தக் குழாய்க்கே வருவோம். சிவப்புகளின் கதை பவழத்தோடு உறவுள்ள டிஸ்கோசோமா என்ற கடல்வாழ் உயிரியில் தொடங்குகிறது. முதலில் கிடைத்த டிஎஸ்ரெட் நான்கு நான்காகக் கட்டிக்கொண்டு இருக்கும், முதிரவும் பல மணி நேரம் எடுக்கும். 2002-ல் அதைத் தனித்தனியாகப் பிரித்து எம்ஆர்எஃப்பி1 ஆக்கினார்கள். சியன் ஆய்வகத்தில் 2004-ல் செர்ரி, தக்காளி, ஸ்ட்ராபெர்ரி என்று ஒரு பழக்கூடையே வந்தது. அந்தக் கூடையிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது எம்செர்ரி. வெளிச்சத்தில் சீக்கிரம் மங்காது, அமிலத்தன்மைக்கு அசையாது. ஆனால் பிரகாசம் கம்மி. இஜிஎஃப்பியில் பாதிகூட வராது. முதிர்வதற்கு எடுக்கும் நேரமும் அளப்பவருக்கு அளப்பவர் மாறுகிறது. பாக்டீரியாவில் அரை மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

எம்செர்ரியில் எனக்குச் சொந்தமாக ஒரு வடு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய குழுவில் வெவ்வேறு ரைபோசோம் இடங்களின் பலத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றுமே வரக்கூடாது என்று ரைபோசோம் இடத்தையே சிதைத்துச் செய்த மாதிரியிலும் பிடிவாதமாக ஒரு இளஞ்சிவப்பு. குழாய் மாறிவிட்டதா, கலந்துவிட்டதா என்று இரண்டு முறை வரிசை படித்துப் பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் பழி எம்செர்ரியின் உள்ளேயே இருந்தது. அதன் மரபணுவின் தொடக்கத்துக்குச் சற்று உள்ளே, பாக்டீரியா இன்னொரு தொடக்கம் என்று நினைத்து வாசிக்க ஆரம்பிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து தொடங்கினால் தலைப்பகுதி கொஞ்சம் குறைந்த புரதம் வரும், அதுவும் ஒளிரும். புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான், நாங்கள்தான் படிக்கவில்லை. புரொமோட்டரை மட்டும் அளக்கிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் "பூஜ்யம்" என்று எதிர்பார்க்கும் இடத்தில் பூஜ்யம் வராத ரிப்போர்ட்டரை ஒரு மாணவியின் முதல் சென்சாருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சிவப்புதான் வேண்டும் என்றால் எம்ஸ்கார்லெட்-ஐ. எம்ஸ்கார்லெட் 2016-17 வாக்கில் வந்தது, எம்செர்ரியைவிட நான்கு மடங்குக்கு மேல் பிரகாசம். அதன் மூலவடிவம் முதிர ஏறத்தாழ மூன்று மணி நேரம் கேட்கும், அதற்குள் பாக்டீரியா பல தலைமுறை பார்த்துவிடும். அதனால் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய 'ஐ' வடிவம்தான் சென்சாருக்குச் சரி. அது அரை மணி நேரம் சொச்சத்தில் தயாராகிவிடும், பிரகாசத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. இரண்டையும் பெயர் பார்த்துக் குழப்பிக்கொண்டு ஆர்டர் செய்தவர்களை நான் அறிவேன்.

இப்போது ஆக்சிஜன். ஒளிரும் பகுதி உருவாக அது வேண்டும் என்றேன் அல்லவா? முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில் 96 குழித் தட்டில் ஒரு சென்சாரை ஓடவிட்டோம். கரைசல் ஆவியாகக்கூடாது என்று மேலே காற்றுப்புகாத ஒட்டுப்படலம், குலுக்கலும் குறைவு. செல்கள் அடர்த்தியாக வளர்ந்தன, பச்சைக் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. புரொமோட்டர் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதி, படலத்தை உரித்துத் தட்டை மேசையில் போட்டுவிட்டு சாப்பிடப் போனோம். திரும்பிவந்து எதற்கோ ஒரு முறை படித்துப் பார்த்தால் எண்கள் பல மடங்கு ஏறிக்கிடக்கின்றன. புரதம் முழுக்க அங்கேதான் இருந்தது, மடிந்து தயாராக. அடர்த்தியான செல்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டதால் கடைசிப் படி மட்டும் நடக்கவில்லை. காற்று பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து காற்று விடும் படலம், குழிக்குப் பாதியளவே கரைசல், நல்ல குலுக்கல், இவை மூன்றும் என் கட்டளை.

அப்படியானால் குடலுக்குள், சேற்றுக்குள் வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் அவளுடைய கேள்வி அல்ல. அங்கே ஐலவ் போன்ற, செல்லில் இருக்கும் ஃபிளேவினைப் பிடித்து ஒளிரும் சின்னப் புரதங்கள் உண்டு. வெளியிலிருந்து சாயம் ஊற்றினால் ஒளிரும் ஃபாஸ்ட் என்ற வகையும் உண்டு. இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டாம். ஜிஎஃப்பி அளவுக்குப் பிரகாசத்தை அவற்றில் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. பாலூட்டிச் செல், தாவரம் எல்லாம் தனிக்கணக்கு. தாவரத்தில் பச்சையம் 680 பக்கம் சிவப்பாக ஒளிரும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

தோழியின் ஊதாவுக்கு வருவோம். அமில்சிபி பவழத்திலிருந்து வந்த நிறப்புரதம். ஒளிர்வதில்லை, துணிச்சாயம் மாதிரி ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. கருவி வேண்டாம், இருட்டறை வேண்டாம், மையவிலக்குக் கருவியில் சுற்றி எடுத்தால் அடியில் ஊதாப் பொட்டு. கிராமத்துக் கிணற்றடியில் நின்று ஆர்சனிக் பார்க்க இதைவிட அழகான வழி ஏது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கண்ணுக்குத் தெரியுமளவு நிறம் வேண்டுமானால் செல் அந்தப் புரதத்தை மூட்டை மூட்டையாகச் செய்யவேண்டும். பலமான புரொமோட்டர் இருந்தால் ஒரு நாளில் வரும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்சனிக்குக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவில் சென்சார் தரும் முனகலை ஊதாவாகப் பார்க்கக் கண்ணுக்குச் சக்தி போதாது. முழுக்கப் பேராசைதான்.

அத்துடன் அந்தக் கிணற்றடிக் கனவுக்கு இங்கே இடமும் இல்லை. மரபணு மாற்றிய உயிரிகளோடு நடக்கும் ஆராய்ச்சிக்குச் சிங்கப்பூரில் மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவின் வழிகாட்டிகள் உண்டு, நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவும் பார்க்கும். காலாங் ஆற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்து வரலாம். பாக்டீரியாவை நினைத்தபடி ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகமுடியாது. எப்படியும் மாதிரிதான் கருவியிடம் வரப்போகிறது என்றால், கருவி வேண்டாம் என்ற ஊதாவின் ஒரே பெருமையும் இவளுக்குப் பயனில்லை. திறந்த இல்ல நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூடிய தட்டைக் காட்ட மட்டும் அமில்சிபிக்கு ஈடு கிடையாது. அதை மறுக்கவில்லை.

மெல்லிய சமிக்ஞைக்குச் சரியான போட்டியாளர் உண்மையில் இந்த நால்வரிலும் இல்லை, நொதிகளில் இருக்கிறார். ஒரு ஜிஎஃப்பி மூலக்கூறு ஒரே ஒரு விளக்குதான், சமிக்ஞையைப் பெருக்காது. ஒரு பீட்டா-கலக்டோசிடேஸ் மூலக்கூறோ ஆயிரக்கணக்கான நிறப்பொருள் மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். ஆர்சனிக் சென்சாரிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2006 ஐஜெம்மில் எடின்பரோ மாணவர்கள் ஒளியையே விட்டுவிட்டு, லாக்டோசைப் புளிக்கவைத்து அமிலத்தன்மை மாறுவதை அளந்தார்கள். பிஹெச் மீட்டர் போதும்! அந்தத் துணிச்சலை நான் இன்றும் ரசிக்கிறேன். தானே ஒளியை உண்டாக்கும் நொதியான லூசிஃபரேஸ் வழியும் உண்டு. வெளி ஒளி தேவையில்லாததால் பின்னணி ஏறத்தாழ பூஜ்யம், நானோலக் என்றால் அளவிலும் சின்னது. ஆனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பாட்டிலில் வரும் வேதிப்பொருள் வாங்கவேண்டும். தன் வேதிப்பொருளைத் தானே செய்துகொள்ளும் பாக்டீரிய லக்ஸ் தொகுதி ஐந்து மரபணு, ஏறத்தாழ 6,000 டிஎன்ஏ எழுத்து. சூப்பர்ஃபோல்டர் 720 எழுத்துக்குள் முடிந்துவிடும். எழுத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற மாணவிக்கு இந்தக் கணக்கை விரிக்கத் தேவையில்லை. நொதிகளில் இன்னொரு சங்கடம், ஓடிக்கொண்டிருக்கும் வளர்ப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே படித்துக்கொண்டே போகமுடியாது. ஜிஎஃப்பியில் அது சும்மா நடக்கும், இரவு தூங்கலாம்.

"அப்போ அழியற வால் போடணுமா?" என்று கேட்டாள். இதுதான் அந்த மேசையில் வந்த மிகக் கடினமான கேள்வி. ஜிஎஃப்பி செல்லுக்குள் எளிதில் சிதையாது. ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். புரொமோட்டர் நின்றுவிட்டாலும் பச்சை நிற்காது, செல்கள் பிரியப் பிரிய நீர்த்துத்தான் குறையும். எனவே இதில் நாம் பார்ப்பது இப்போது என்ன நடக்கிறது என்பதல்ல, இதுவரை நடந்ததன் மொத்தம். நடப்பது தெரியவேண்டுமென்றால் புரதத்தின் வால்முனையில் எஸ்எஸ்ஆர்ஏ என்ற குறி ஒன்றைச் சேர்ப்பார்கள். செல்லின் துப்புரவு நொதிகள் அதைப் பார்த்து இழுத்துப்போய் நறுக்கும். எல்விஏ என்று முடியும் வகை இவற்றில் கடுமையானது. 1998-ல் ஈ. கோலையில் ஜிஎஃப்பியோடு அளந்தபோது புரதத்தின் அளவு பாதியாகக் குறைய 40 நிமிடம் அளவுதான் ஆனது. எலோவிட்ஸும் லைப்லரும் 2000-ல் காட்டிய அலையாடும் சுற்று, மூன்று மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்கும் ரெப்ரஸிலேட்டர், இந்த வகை வாலோடுதான் கட்டப்பட்டது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும் சங்கதிக்கு வால் பெரிய உதவி.

இவளுக்கு வேண்டாம் என்று சொன்னேன். தண்ணீரை ஊற்றுகிறாள், ஆர்சனிக் இருந்தால் ஏறும், இல்லையென்றால் ஏறாது. இறக்கம் என்று ஒன்று இந்தக் கதையில் இல்லை. வால் போட்டால் ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் சமிக்ஞையைத் தானே சேர்த்து அழித்ததாகும். அவள் விடவில்லை. புரொமோட்டர் ஆர்சனிக் இல்லாமலே கொஞ்சம் கசியுமாம், அழியாத புரதம் அந்தக் கசிவையும் சேர்த்து வைக்குமே என்றாள். சரியான வாதம். ஆர்ஸ்ஆர் என்ற அடக்கும் புரதம் புரொமோட்டர்மேல் உட்கார்ந்திருக்கும், ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனைட் வந்தால் எழுந்து போகும். அது எப்போதும் இறுக்கமாக உட்காருவதில்லை, அதனால் கசிவு. ஆனால் கசிவை ரிப்போர்ட்டரில் துடைப்பது, குழாய் ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. ஆர்ஸ்ஆர் உட்கார இன்னொரு இடத்தை ரிப்போர்ட்டருக்கு முன்னால் சேர்த்துக் கசிவைக் குறைத்த வழி இருபது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. சில டஜன் எழுத்து செலவு. அதைச் செய், வாலை விடு என்றேன். அவள் அந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வரைந்துகொண்டாள்.

இந்த ஊரில் ஒளிரும் புரதம் என்றால் எனக்கு மீன்தான் நினைவுக்கு வரும். 1999-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) பேராசிரியர் கோங் ஜியுவானின் குழு வரிக்குதிரை மீனுக்குள் ஜிஎஃப்பியை வைத்தது. மாசு கலந்த தண்ணீரில் மட்டும் ஒளிரும் மீன் என்பதுதான் நோக்கம், அக்கா மகளின் புராஜெக்டின் மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அதற்கு முதற்படியாக எப்போதும் ஒளிரும் மீனைச் செய்தார்கள். அந்த வழியில் வந்த மீன்தான் 2003 கடைசியில் அமெரிக்காவில் குளோஃபிஷ் என்று தொட்டிக்குப் போனது. நான் இதைச் சொன்னது கதைக்காக மட்டும் இல்லை. எப்போதும் ஒளிரும் வடிவம் இவளுக்கும் வேண்டும். சென்சார் இருட்டாக இருந்தால் ஆர்சனிக் இல்லையா, ரிப்போர்ட்டர் கெட்டதா என்று தெரிய, எப்போதும் ஓடும் ஆண்டர்சன் வகைப் புரொமோட்டரின்கீழ் அதே பச்சையை வைத்த ஒரு பாக்டீரியா பக்கத்துக் குழியில் இருக்கவேண்டும். அதற்கடுத்த குழியில் பச்சையே இல்லாத அதே பாக்டீரியா. வெறும் கரைசலை மட்டும் கழித்தால் செல்லின் சொந்த ஒளி கணக்கில் தங்கிவிடும்.

முழுச் சுற்றையும் ஒரே நாளில் கட்டாமல் உணரும் பகுதியைத் தனியாக அளந்துகொள்வதும் இங்கே பழகிய வழிதான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியு) 2011-ல் சூடோமோனாஸ் கிருமியை உணர்ந்து அதைக் கொல்லும் ஈ. கோலையைச் செய்தவர்கள், கொல்லும் மரபணுவை மாட்டுவதற்கு முன் உணரும் பகுதியின் பின்னால் ஜிஎஃப்பியை வைத்துத்தான் அளந்தார்கள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிளேட் ரீடர் தரும் எண்ணுக்கு அலகே கிடையாது. கெயினை (கருவி சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) மாற்றினால் 800 என்பது 8,000 ஆகும். ஃபுளோரசீன் சாயத்தைத் தெரிந்த அளவுகளில் நீர்த்து அதே தட்டில் படித்துவைத்தால், அவள் எண்ணை வேறோர் ஆய்வகத்தின் எண்ணோடு வைத்துப் பேசமுடியும். ஃபுளோரசீனும் ஜிஎஃப்பியும் கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பது பச்சைக்காரர்களுக்கு அடித்த அதிர்ஷ்டம். சாயமும் மலிவு.

அப்புறம் சுமை. எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு நல்லது என்று ரைபோசோம் இடத்தை மிகப் பலமாக வைத்தால், செல் தன் பிழைப்பை விட்டுவிட்டுப் பச்சை செய்துகொண்டிருக்கும். வளர்ச்சி மெதுவாகும், சில நாளில் பச்சையைத் தொலைத்த சோம்பேறிகள் தட்டை நிறைத்துவிடும். ஆர்சனிக்கே செல்லுக்கு விஷம் என்பதால், வளர்ச்சி குறைந்தது விஷத்தாலா சுமையாலா என்று பிரிக்கவும் முடியாமல் போகும். நடுத்தர பலம் போதும்.

தே ஹாலியா ஆறிப்போயிருந்தது. முடிவு இப்படி ஆனது: காசு கொடுத்து எழுதி வாங்குவது சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பி, வால் இல்லாமல், எதோடும் ஒட்டாமல். ஃப்ரீசர் எம்செர்ரியை இந்த வாரமே எடுத்து, வெட்டி ஒட்டிப் பழக வைத்துக்கொள்வது, அது போனால் போகட்டும். பின்னால் நேரமும் பணமும் மிஞ்சினால் எப்போதும் ஓடும் எம்ஸ்கார்லெட்-ஐ ஒன்றைக் கூடவே வைத்துப் பச்சையைச் சிவப்பால் வகுத்துப் பார்ப்பது. அப்போது செல் களைத்ததா, சென்சார் களைத்ததா என்று பிளேட் ரீடரிலேயே தெரியும். ஊதா தோழிக்கு, திறந்த இல்லத்துக்கு. எம்நியான்கிரீன் அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தாள், கொஞ்சம் மனமில்லாமல்.

இரவு பதினொன்றுக்குச் செய்தி வந்தது. ஆர்டர் படிவத்தில் வரிசையை ஏற்றியிருக்கிறாள், நடுவில் பிஎஸ்ஏ-ஒன் என்ற நொதி வெட்டும் இடம் ஒன்று சிவப்பில் காட்டுகிறதாம். டிஎன்ஏ துண்டுகளை அதே நொதியால் வெட்டி ஒட்டும் கோல்டன் கேட் முறையில் போகிறாள், அந்த நொதி மரபணுவையே இரண்டாக வெட்டிவிடும். அமினோ அமிலம் மாறாமல் ஒரே ஒரு எழுத்தை மாற்று என்று எழுதினேன்.

"எந்த எழுத்து மாமா?"

வரிசையை அனுப்பச் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன்.